அப்பாவிடம் கேட்டுவிட்டுச் செய்தோம்

நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லலாமா கூடாதா என்று எங்கள் வீட்டு வாசலில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. அத்தை, பெரிய மாமா, அக்காவின் மாமனார், எதிர்வீட்டுக்காரர் என எல்லாரும் பேசினார்கள். பேசாதவர் அப்பா ஒருவர்தான். "சொன்னால் ஆள் அன்றைக்கே படுத்துவிடுவார்" என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. மதுரை செல்லூர்ச் சந்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாசலில் பேசினால் அடுப்படி வரை கேட்கும். அப்பா உள்ளே கட்டிலில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தபின் என்னைக் கூப்பிட்டார். "புற்றுநோய்தானே? எந்த இடத்தில்?" என்றார். கணையம் என்றேன். கணையம் என்றால் எது, எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்று கேட்டார். தெரிந்தவரை சொன்னேன். கொஞ்ச நேரம் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "துணி என்னுடையது தம்பி. எங்கே வெட்டுவது என்று நான்தான் சொல்வேன். வாசலில் நின்றவர்கள் சொல்லக்கூடாது" என்றார்.

ஐப்பசியில் தொடங்கி வைகாசியில் முடிந்தது எல்லாம். அந்தக் காலம் முழுவதும் நானும் அக்காவும் பிடித்துக்கொண்ட ஒரே விதி, அவரிடம் கேட்காமல் எதையும் செய்வதில்லை என்பதுதான். சொல்வதற்கு எளிது. கேட்டால் நமக்குப் பிடிக்காத பதில்களும் வரும். அவற்றையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளத்தான் அதிகத் தெம்பு வேண்டியிருந்தது.

அப்பா தையல்காரர். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கு வாசலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில், கல்தூண்களுக்கு நடுவே எந்திரம் போட்டு வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவர். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது அவரும் மாறினார். ஆனால் கடைசி வரை "மண்டபத்துக்குப் போகிறேன்" என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்புவார். மற்றவர்களுக்குத் தீபாவளி எப்படியோ, அப்பாவுக்குச் சித்திரைத் திருவிழா அப்படி. அழகர் ஆற்றில் இறங்கும்போது வேடம் கட்டி ஆடுகிறவர்களுக்கும் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கும் உருமால், கச்சை, சல்லடம் எல்லாம் தைக்கவேண்டும். மாசி பிறந்தாலே ஆர்டர் வரத் தொடங்கிவிடும்.

குனிந்தே வேலை செய்கிறவருக்கு முதுகுவலி இருப்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மல்லாந்து படுத்தால் வலி கூடுகிறது, எந்திரத்தின்மேல் சாய்ந்து உட்கார்ந்தால் குறைகிறது என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். கணையத்தில் கட்டி இருந்தால் பலருக்கு வலி அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று பின்னால் மருத்துவர் விளக்கினார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் புதிதாகச் சர்க்கரை வந்திருந்தது. உடம்பும் இளைத்துக்கொண்டே போனது. சர்க்கரைதான் இளைக்கவைக்கிறது என்று எல்லாரும் முடிவுகட்டினோம். கண் மஞ்சளானதும் தெருவே கீழாநெல்லி கொண்டுவந்து கொடுத்தது. அம்மா அரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்க, அக்கா மறுபக்கம் ஸ்கேனுக்கு இழுத்துப் போனாள். வயதானவருக்கு வலியோ காய்ச்சலோ பெரிதாக இல்லாமல் காமாலை வந்து, உடம்பெல்லாம் அரித்து, மலம் வெளிறிச் சுண்ணாம்பு நிறத்தில் போனால் பித்தநாளத்தை ஏதோ அடைக்கிறது என்று பொருள். அந்த அடைப்பைக் கீழாநெல்லி நீக்காது. ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும்.

கட்டி கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு இடமில்லை. கீமோ கொடுக்கலாம், குணமாகாது, உடம்பு ஏற்றுக்கொண்டால் சில மாதங்கள் கூடுதலாகக் கிடைக்கலாம் என்று மருத்துவர் நேராகச் சொன்னார். நான் கீமோவுக்கு ஆதரவாக இருந்தேன். அப்பா மருத்துவரிடம் இரண்டே கேள்விகள் கேட்டார். "கீமோ எடுத்தால் கை மரத்துப்போகுமா? சித்திரைக்கு வேலை பார்க்க முடியுமா?" சில மருந்துகளில் விரல்கள் மரத்துப்போகும், ஆளுக்கு ஆள் மாறும் என்றார் அவர். "அப்படியென்றால் வேண்டாம்" என்று அப்பா எழுந்துவிட்டார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்வரை நான் எதுவும் பேசவில்லை. அந்த முடிவு எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் அது அவருடைய முடிவுதான்.

கீமோ வேண்டாம் என்றவர் ஸ்டென்ட் வைக்க உடனே சம்மதித்தார். அரிப்பு அவரைத் தூங்கவிடவில்லை. வாய்வழியாக எண்டோஸ்கோப்பியை விட்டு, அடைபட்ட பித்தநாளத்தில் சின்னக் குழாயை வைத்துவிடுவார்கள். சில நாட்களில் அரிப்பு அடங்கிவிட்டது, கண்ணும் மெல்லத் தெளிந்தது. பிளாஸ்டிக், உலோகம் என்று இரண்டு வகை உண்டு. பிளாஸ்டிக் மலிவு, ஆனால் சுமார் மூன்று மாதங்களில் அடைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். உலோகம் விலை கூடுதல், நீண்ட காலம் தாங்கும். எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், 'இவருக்கு எவ்வளவு காலம் எதிர்பார்க்கிறீர்கள், அதற்கு எது போதும்' என்று கேளுங்கள்.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கவேண்டும். முக்கியமானது, சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்குவது. எல்லாம் முடிந்து பில்லை நீட்டினால் யாரும் திருப்பித் தரமாட்டார்கள். எந்தச் சிகிச்சை திட்டத்தில் வரும், எது வராது என்று மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டு மேசையில் முதல் நாளே கேட்டுவிடுங்கள். வட்டிக்கு வாங்கியாவது பார்த்துவிடவேண்டும் என்று கிளம்பிய என்னை அப்பா ஒரே வார்த்தையில் நிறுத்தினார். "எனக்காகக் கடன் வைத்தால் அந்த வீட்டில் சாகமாட்டேன்."

வலிக்கு வருகிறேன். நான் விரிவாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

கார்த்திகை முடிவதற்குள் சாதாரண மாத்திரைகளுக்கு வலி கட்டுப்படாமல் போயிற்று. அப்பா கட்டிலில் தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் சரிந்து உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தார். தனியார் மருத்துவமனை ஒன்றில் "இந்த நோயில் வலி இருக்கத்தான் செய்யும்" என்றார்கள். அந்த வாக்கியத்தை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எழுந்து வேறு இடம் தேடுங்கள். வலி நிவாரணம், நோய் ஆதரவுச் சிகிச்சை என்று ஒரு தனிப் பிரிவே மருத்துவத்தில் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் உண்டு, தொண்டு அமைப்புகளும் நடத்துகின்றன. அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் தூங்கினார்கள்.

அங்கே கொடுத்தது மார்ஃபின். பெயரைக் கேட்டதும் பெரிய மாமா "போதை மருந்தையா கொடுக்கிறீர்கள்?" என்று பதறினார். அந்தப் பயம் நாடு முழுவதும் இருந்தது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல காலம் மருத்துவமனைகளே மார்ஃபினை வாங்கிவைக்கத் தயங்கின. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் எளிதாக வைத்துக்கொள்ள வழிசெய்தார்கள். இன்றும் தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்காது. எங்கே கிடைக்கும் என்பதை வலி முற்றுவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை இரவு மாத்திரை தீர்ந்துபோனால் திங்கள் வரை காத்திருக்க வலிக்குத் தெரியாது.

மார்ஃபினை வலி வந்த பிறகு கொடுப்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கவேண்டும். சாதாரண மாத்திரை நான்கு மணி நேரம்தான் தாங்கும். எங்களுக்கு எழுதிக் கொடுத்த முறை காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10. நடுராத்திரியில் எழுப்பவேண்டாம் என்பதற்காக இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டை அளவு. இடையில் வலி முட்டினால் கூடுதலாகக் கொடுக்க ஓர் அளவும் எழுதித் தந்தார்கள். உங்களுக்கு எழுதுவது வேறாக இருக்கலாம், மருத்துவர் சொன்னபடியே கொடுங்கள். முதல் இரண்டு மூன்று நாட்கள் அரைமயக்கமும் குமட்டலும் இருந்தன. அம்மா பயந்து நிறுத்தச் சொன்னார். பிறகு தானாகவே தெளிந்துவிட்டது. வலிக்காக, கண்காணிப்போடு எடுத்துக்கொள்கிறவர் அடிமையாவது அரிது. உடம்பு அதற்குப் பழகிவிடும் என்பது வேறு விஷயம், அதனால் திடீரென்று நிறுத்தக்கூடாது. கூப்பிட்டு உலுக்கியும் எழாமல், மூச்சு மிக மெதுவாகப் போனால் உடனே மருத்துவரை அழைக்கவேண்டும்.

யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்று மலச்சிக்கல். மார்ஃபின் எடுக்கிற அநேகமாக எல்லாருக்கும் வரும், மயக்கம் போல நாளடைவில் சரியாகவும் ஆகாது. மார்ஃபின் சீட்டிலேயே மலமிளக்கியும் எழுதியிருக்கவேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். வலி போன மகிழ்ச்சியில் அதை விட்டுவிட்ட பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர் வயிறு உப்பித் துடித்ததைக் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து அப்பா ஒரு பழைய அளவு நோட்டில், மார்பு, இடுப்பு, உயரம் எழுதுகிற கட்டங்களில், மாத்திரை நேரத்தையும் 'போயிற்று' அல்லது 'போகவில்லை' என்பதையும் தானே எழுதத் தொடங்கினார். மருத்துவருக்கு அந்த நோட்டைப் பார்த்து ஒரே சிரிப்பு. ஆனால் அதைப் பார்த்துத்தான் அளவைக் கூட்டினார்.

சாப்பாட்டில் எங்கள் வீடு இரண்டுபட்டது. கணையம் சுரக்காததால் எண்ணெய்ப் பண்டம் எதுவும் செரிக்கவில்லை, மலம் எண்ணெயாகவே மிதந்தது. கணைய நொதி மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து, முதல் கவளத்தோடு விழுங்கச் சொன்னார்கள். சாப்பிட்டு முடித்துக் கைகழுவியபின் போட்டால் பலன் இல்லை. அது பெரிய உதவி. சர்க்கரைக் கட்டுப்பாட்டை மருத்துவரே தளர்த்திவிட்டார். மிகவும் ஏறாமலும் தாழாமலும் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். அப்பாவுக்குப் பருத்திப்பால் வேண்டும். சுக்கும் கருப்பட்டியும் போட்ட, மதுரைத் தெருவோரத் தள்ளுவண்டிப் பருத்திப்பால். அத்தை, சர்க்கரைக்காரருக்குக் கருப்பட்டியா என்று சண்டைக்கு வந்தார். நான் வாங்கிவந்து கொடுத்தேன். நான்கு மடக்குக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

இப்போது எனக்குப் பிடிக்காத பதில்கள்.

தை மாதம் குளிக்கக் கைத்தாங்கல் வேண்டியிருந்தது. நான் திருப்பூரில் பனியன் நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதுகிறவன். விடுப்புச் சொல்லிவிட்டு வந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றேன். மகன் செய்யவேண்டிய கடமை, புண்ணியம் என்றெல்லாம் மனதில் ஒரு படமே ஓடிக்கொண்டிருந்தது. அப்பா, "நீ வேண்டாம்" என்றார். கடையில் சின்ன வயதில் காஜா எடுக்க வந்து, இப்போது நாற்பதைத் தாண்டிய, நாங்கள் இன்னும் காஜா அண்ணன் என்று கூப்பிடுகிற ஆளைத்தான் வரச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அக்காவிடம் புலம்பினேன். அவள் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "குளிப்பது அவரா, நீயா?" உடம்பு சுருங்கி, எலும்பு தெரிந்து, மறைப்பதற்கு எதுவும் இல்லாமல் நிற்கும்போது யார் முன்னால் நிற்பது என்று முடிவுசெய்வதாவது அவருக்கு மிஞ்சவேண்டாமா? சிலருக்கு மகன், சிலருக்கு மனைவி, சிலருக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு போகிற அறிமுகமில்லாத ஆள்தான் கூச்சமில்லாமல் இருக்கும். கேட்டுப் பாருங்கள். காஜா அண்ணன் கடைசிவரை வந்தார். எனக்கு விட்டுக்கொடுத்தது முகச்சவரம் மட்டும்.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். அதற்கும் மறுப்பு. "நீ எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு நோய் கூடும். சனிக்கிழமை வா." சனிக்கிழமை இரவு வண்டியேறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, ஞாயிறு முழுவதும் இருந்துவிட்டுத் திரும்புவது வழக்கமாகிவிட்டது. அக்காவும் நானும் அதற்குள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். மருந்து வாங்குவது, மருத்துவரிடம் பேசுவது அவள். பணம், காகிதம், உறவினர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்வது நான். இரண்டு பேரும் எல்லாவற்றையும் பார்த்தால் எதுவும் நடக்காது. மருத்துவரிடம் குடும்பத்தில் ஒருவர்தான் பேசவேண்டும். ஒரே கேள்வியை ஐந்து பேர் கேட்டால் ஐந்து விதமான பதில்கள் வீட்டுக்கு வந்து சேரும்.

மூன்றாவது, சித்தப்பா. பாட்டி வீட்டைப் பிரித்ததில் அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சு நின்று பல வருடம். சாகும்போதாவது அண்ணன் தம்பி சேரவேண்டும் என்று ஊரே ஆசைப்பட்டது. சித்தப்பாவும் வந்து தெருமுனையில் நின்றார். அப்பாவிடம் கேட்டேன். "பார்க்கவேண்டாம்" என்றார். ஏன் என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் போய்ச் சித்தப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து, இருந்ததை அப்படியே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சமாதானம் செய்துவைக்கிற பெருமை நமக்கு வேண்டும் என்பதற்காக, எழுந்து போகமுடியாமல் படுத்திருக்கிறவர் முன்னால் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது வன்முறை என்றே நினைக்கிறேன்.

மற்ற பார்வையாளர்களுக்கு மாலை ஐந்து முதல் ஆறு வரை என்று நேரம் வைத்தோம். ஆப்பிள், ஹார்லிக்ஸ் பாட்டில்களோடு ஆளுக்கொரு வைத்தியமும் வந்தது. கருஞ்சீரகம் என்றார் ஒருவர், கேரளத்தில் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்றார் இன்னொருவர். மறுத்துப் பேசிச் சக்தியை வீணாக்காதீர்கள். "மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றால் போதும், அடுத்த முறை அவர்களே மறந்திருப்பார்கள்.

இதற்கிடையே மாசி பிறந்து ஆர்டர்களும் வந்தன. கடைக்குப் போக முடியாத அப்பாவிடம் வீட்டுக்கே வந்து அளவு கொடுத்தார்கள். காஜா அண்ணன் டேப்பைப் பிடிக்க, அப்பா கட்டிலில் இருந்தபடி கண்ணாலேயே திருத்துவார். "இடுப்பில் இரண்டு விரல் தளர்த்து, ஆடும்போது இறுக்கும்." வெட்டுவதற்கு முன் சாக்பீஸ் கோடு போட்ட துணியை மடியில் கொண்டுவந்து விரிக்கவேண்டும். மார்ஃபின் போட்ட ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் அவருக்கு நல்ல நேரம். துணி பார்ப்பதையும், மகனோடு பேசுவதையும், கையெழுத்துப் போடுவதையும் அந்த நேரத்துக்குள்தான் வைத்துக்கொள்வார். உங்கள் வீட்டு நோயாளிக்கும் அப்படி ஒரு நல்ல நேரம் இருக்கும். அதைக் கண்டுபிடித்து, அதில் ஊசியும் ரத்தப் பரிசோதனையும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல நேரத்தில் மனம்விட்டுப் பேசினார் என்று எழுத ஆசைதான். பேசவில்லை. என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்க்காமல் பி.காம். சேர்த்தது ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "கட்டணம் குறைவு" என்றார். அதற்குப் பின்னால் ஏதோ இருக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் இல்லை.

கையெழுத்து என்றேன். அதை வலி கட்டுக்குள் இருக்கும்போதே முடித்தோம். அப்பா சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதினேன்: யார் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள், யாருக்குத் துணிக்கடையில் பாக்கி, எந்தச் சீட்டு எப்போது முடிகிறது, அம்மாவின் வளையல் அடகு ரசீது எங்கே இருக்கிறது. வங்கிக் கணக்கை அம்மாவோடு கூட்டுக் கணக்காக மாற்றினோம், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வகையில். ஒருவர் மட்டும் பெயர்போட்ட கணக்கில் அவர் இறந்தபின் ஏ.டி.எம். அட்டையைப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. நாமினி பெயர் எல்லா இடத்திலும் இருக்கிறதா என்று பார்த்தோம். நாமினி என்று பதிந்திருப்பவர் பணத்தை வாங்கிக்கொள்கிறவர்தான், சொத்து முழுக்க அவருக்கே சேர்ந்துவிடாது என்பதை அம்மாவுக்கும் அக்காவுக்கும் அப்போதே விளக்கினேன். பின்னால் விளக்கினால் சண்டையாகத் தெரியும். கடையை யாருக்கு என்று கேட்டேன். காஜா அண்ணனுக்கு என்றார். எனக்கு அந்தக் கடை தேவையில்லை, இருந்தாலும் அவர் ஒரு நொடி யோசித்திருக்கலாம்.

செயற்கைச் சுவாசம் வேண்டாம், தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டாம் என்பதையும் எழுதிவைத்தார். முன்கூட்டியே அப்படி எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. அப்போது மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து வேண்டும் என்று இருந்ததை, 2023 ஜனவரியில் எளிமையாக்கினார்கள். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். ஒரு நகல் அக்காவின் கைப்பையில் இருந்தது. அதைவிடப் பெரிய பயன், பெரிய மாமா உட்பட எல்லாருக்கும் அதைப் படித்துக் காட்டியதுதான். கடைசி நேரத்தில் "ஆம்புலன்சைக் கூப்பிடு" என்று கத்துகிற உறவினருக்கு முன்னால் சட்டத்தைவிட, அப்பாவின் கையெழுத்துப் பேசும்.

அதற்காக எல்லாச் சிகிச்சையையும் மறுப்பது என்று அர்த்தமில்லை. பங்குனியில் ஒரு நாள் அப்பாவுக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணில் மறுபடி மஞ்சள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் இப்படித்தான் வரும், தாமதித்தால் ரத்தத்தில் கிருமி பரவும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கேட்டோம். "வேலை பாதியில் நிற்கிறது, போவோம்" என்றார். அன்றே மருத்துவமனையில் சேர்த்துக் குழாயை மாற்றினோம். அந்த ஆண்டுத் திருவிழாவுக்கு எல்லா உடைகளும் சொன்ன தேதியில் போய்ச் சேர்ந்தன. ஊருக்குள் வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை இரவில் கோரிப்பாளையம் பக்கம் மேளச் சத்தம் கேட்டபோது அப்பா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

வைகாசியில் படுக்கை. படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்றுப் படுக்கை வாங்கினோம். அது இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கத்தான் வேண்டும். வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு, இந்த இடங்கள் சிவந்திருக்கின்றனவா என்று தினமும் பார்க்கவேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் செவிலியர் வீட்டுக்கே வந்து அம்மாவுக்கு இதையெல்லாம் செய்து காட்டினார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கான ஆதரவுச் சிகிச்சையும் சேர்த்தி. பகுதிச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் வருகிறார்கள்.

கடைசி நாட்களில் அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. "பட்டினி போட்டு அனுப்புகிறோமே" என்று அழுதார். குளுக்கோஸ் ஏற்றச் சொல்லித் தெருவில் பாதிப் பேர் வற்புறுத்தினார்கள். உடம்பு அடங்கிக்கொண்டு வரும்போது பசியும் அடங்கிவிடும், அந்த நிலையில் ஏற்றுகிற தண்ணீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கி மூச்சுத்திணறலைக் கூட்டலாம் என்று செவிலியர் அம்மாவுக்குப் பொறுமையாகச் சொன்னார். வாயில் ஊற்றுவதும் ஆபத்து, புரையேறும். நனைத்த பஞ்சால் வாயைத் துடைத்து, உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவுகிற வேலையை அம்மாவிடம் கொடுத்தோம். அம்மாவின் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அப்பாவின் தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும்போது தலையை உயர்த்தி ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். கேட்பவர்களுக்கு இருக்கிற அளவு துன்பம் அவருக்கு அதில் இல்லை என்றார்கள். மாத்திரை விழுங்க முடியாமல் போனதும் மருந்தைத் தோலுக்கடியில் ஊசியாக மாற்றிக் கொடுத்தார்கள். வலி நிவாரணப் பிரிவின் எண் கையில் இருந்தது, ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை.

வீட்டில் இறந்தால் செய்யவேண்டியவற்றை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பார்த்துவந்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணச் சான்று வாங்கவேண்டும். தத்தனேரி மயானத்தில் கேட்டார்கள், மாநகராட்சியில் பதியவும் அதுதான் தேவைப்பட்டது. 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவுசெய்யவேண்டும். பெயரின் எழுத்துகளும் தந்தை பெயரும் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கின்றனவா என்று பதிகிற இடத்திலேயே படித்துப் பாருங்கள், பின்னால் திருத்துவது பெரும்பாடு. வங்கி, காப்பீடு, வாரிசுச் சான்று என்று எல்லாரும் ஆளுக்கொரு நகல் கேட்பார்கள். அப்பா இறந்த அன்று காலையில் சித்தப்பா வந்தார். யாரும் சொல்லாமலே பந்தலுக்கும் வண்டிக்கும் ஓடினார், எரியூட்டும் வரை நின்றார், சாப்பிடாமல் போய்விட்டார்.

மீதியிருந்த மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி, எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்தோம். வீட்டில் வைத்திருக்கக்கூடாது, அக்கம்பக்கத்தில் யாருக்காவது வலி என்று கொடுக்கவும் கூடாது. காற்றுப் படுக்கையை மேலூர்ப் பக்கத்தில் இருந்து ஒருவர் தன் தகப்பனாருக்காக வாங்கிக்கொண்டு போனார். அதன் மோட்டார் இரவெல்லாம் கர்ரென்று உறுமும். கட்டிலின் கால்மாட்டில் தொங்கவிடாமல் தரையில் வைத்து, அடியில் பழைய போர்வையை நான்காக மடித்துப் போட்டால் சத்தம் பாதியாகும் என்று சொல்லி அனுப்பினேன்.